போணி நேரத்துப் படம்

முப்பத்தோரு வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக்கடையின் விற்பனை மேடையில் நின்ற வில்பிரட்டுக்கு, எடையே இல்லாத சரக்கு ஒன்று உலகத்தில் உண்டு என்பது ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் தெரியவந்தது. சொன்னவன் யூடியூபில் வந்த ஒரு மலையாளி. ரீப்பர் கட்டையில் நாலு கம்பியை மடக்கி அடித்து, அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டிவியின் முதுகில் செருகினான். கேபிளும் இல்லை, டிஷ்ஷும் இல்லை, படம் மட்டும் வந்தது. கடைசியில் கேமராவைப் பார்த்து, இந்தப் படம் இந்த நிமிஷம் உங்கள் வீட்டுக்குள்ளேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றான்.

அந்த ஒரு பேச்சு வில்பிரட்டைப் பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கத்து டிவி ஒளிபரப்புக் கோபுரத்தில் கிளம்பிய பாட்டும் செய்தியும் பரங்கிமலையைத் தாண்டி, குரோம்பேட்டைத் துணிக்கடைகளைத் தாண்டி, ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுச் சுவருக்குள் நுழைந்து, ரோஸி தாளிக்கிற ரசத்துக்குள் நுழைந்து, அவர் தோள்பட்டை வழியாக வெளியேறி வண்டலூர்ப் பக்கம் போய்க்கொண்டேயிருக்கிறது. யாரும் மடக்கவில்லை. யாரும் விலை கேட்கவில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, தனக்குள் யாரோ வீணை வாசித்தபடி கடந்து போவதாக நினைத்துப் பார்த்தார். கூச்சமாக இருந்தது. தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே ரீப்பர் கட்டை வந்தது. அலுமினியக் கம்பியும் கேபிள் ஒயரும் வந்தன. கம்பிகளுக்குப் பின்னால் நிறுத்த ஏதாவது ஓர் உலோகத் தடுப்பு வேண்டும், தாண்டிப் போகிற சிக்னலை அது திருப்பி அனுப்பும் என்று மலையாளி சொல்லியிருந்தான். வில்பிரட் சமையலறைக்குள் போய், ஓய்வு பெற்ற அன்று முதலாளி கையால் கொடுத்த இட்லித் தட்டுகள் நான்கையும் எடுத்து வந்தார். குழிகள் கொண்ட தட்டு சிக்னலைக் குழிகுழியாகத் தேக்கி வைக்கும் என்பது அவருடைய சொந்தக் கணிப்பு. மலையாளிக்கு அந்தப் பெருமை கிடையாது.

ரோஸி பள்ளிக்கூட டீச்சர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். எட்டாவது நாள், இந்த வீட்டில் இட்லி வேண்டுமென்றால் டிவியைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, உப்புமா கிளறி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. மொட்டை மாடியில் சோலார் பலகைகளும் தண்ணீர்த் தொட்டியும் இருந்ததால் கதவுக்குப் பூட்டு. வில்பிரட்டுக்கு வாய்த்தது முதல் மாடியில் கிழக்கே பார்த்த பால்கனி. அதற்குக் கீழே வேலி போடாத ஒரு காலி மனை. கோபுரம் இருக்கிற வடக்குப் பக்கத்தில், புதிதாக எழும்பிய பதினாலு மாடிக் கட்டடம் வானத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்போல் நின்றிருந்தது. எனவே ஆன்டெனாவை ஒரு பிவிசி குழாயில் கட்டி, பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒன்றரை முழம் நீட்டி, கட்டடத்தின் ஓரத்தைத் தடவுகிற மாதிரி வடக்கே திருப்பி வைத்தார்.

பதினொரு நாள் டிவித் திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அது வந்தது.

அந்த நேரத்துக்கு அவர் எழுந்ததற்கே காரணம் கீழே வந்த தண்ணி லாரிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் காலி மனைக்குள் பின்பக்கமாக நுழைந்து, காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்று, மோட்டாரைப் போட்டால் முதல் மாடி ஜன்னல் கண்ணாடியெல்லாம் பல் தந்தியடிக்கும். தூக்கம் போன கோபத்தில் பால்கனிக்கு வந்தவர், கையோடு கையாக ஒரு கம்பியை அரை இஞ்ச் வளைத்துவிட்டு உள்ளே திரும்பினார். டிவியில் ஒரு அம்மாள் வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

பழைய காலத்துப் படம்போல் புள்ளி புள்ளியாக இல்லை. கழுவி வைத்த கண்ணாடிபோல் இருந்தது. அந்த அம்மாளின் மூக்குத்திக் கல்லில் விளக்கு வெளிச்சம் ஓர் ஊசிமுனையளவு நின்றது. காற்றிலிருந்து எடுத்த மூக்குத்தி. வில்பிரட் உட்காரக்கூட மறந்து, வாயில் பிரஷ்ஷுடன் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் கழித்து வீணைக்காரம்மாளின் விரல் அந்தரத்தில் உறைந்தது. முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்தது. நெற்றி ஓரிடம், புடவை ஓரிடமாக, சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியைக் கலைத்துப் போட்ட மாதிரி சிதறி மறைந்தது.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்தது. ஏழு மணி தாண்டியதும் போனது.

மூன்று வாரம் இப்படி நடந்ததும் வில்பிரட்டுக்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்குப் பிடிபடாமல் இருக்குமா? இது போணி. காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளைக் கடைக்காரன் வெறுங்கையாக அனுப்ப மாட்டான். அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்துவிடுவான். ஒன்பது மணிக்கு அதே விலையைக் கேட்டுப் பாருங்கள், உங்களைக் கண்ணாலேயே தெருவில் இறக்கிவிடுவான். காற்றும் அப்படித்தான் வியாபாரம் பண்ணுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அதற்குச் சரக்கு இறங்குகிறது, இறங்குகிற நாளில் போணிக்கு வந்தவனை அது ஏமாற்றுவதில்லை.

கணக்கு இவ்வளவு சுத்தமாக அமைந்த பிறகு அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. ஆன்டெனாவைத் திருத்துவதிலும் ஒரு முறை வந்துவிட்டது. அதன் எதிரில் நின்று ஆசையாகப் பார்க்க மாட்டார். வேண்டாத பொருளைப் புரட்டுகிறவர்போல் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று அடி நடப்பார். கூப்பிட்டால் திரும்பலாம் என்கிற நடை அது. கீழே தரைத்தள வீட்டு வாசலில், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்துவிட்டு லாரிக்காக நிற்கும் சாவித்ரி மாமி, மேலேயிருந்து வரும் வீணையைக் கேட்டபடி இந்த நடையை வாரத்துக்கு மூன்று தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவித்ரியின் கணவர் யக்ஞநாராயணன். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அதிகாரம் செலுத்த எட்டு வீடுதான் மிச்சம் என்பதால் அந்த எட்டின் மேலும் மொத்த அதிகாரத்தையும் செலுத்திக்கொண்டிருந்தார். பால்கனிக்கு வெளியே எந்த வஸ்துவும் நீட்டக் கூடாது என்பது அவர் கைப்பட எழுதிய விதி. அதன்கீழ் இதுவரை ஒரு கிளிக்கூண்டும் இரண்டு கொடிக்கயிறும் இறங்கியிருந்தன. இட்லித் தட்டுகள் தெருவை நோக்கி மினுங்குவதைக் கண்டு ஒருநாள் பத்து மணிக்கு மாடியேறி வந்தார். வில்பிரட் டிவியைப் போட்டுக் காட்டினார். சிக்னல் இல்லை.

"இதுல என்ன தெரியறதுன்னு சொல்றேள்?"

"காலைல வரும் சார். போணி நேரத்துல."

யக்ஞநாராயணன் திரையையும் வில்பிரட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாங்கில் கடன் கேட்டு வந்தவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு அவர் பேசியதன் சாரம் இது: செல்போனைத் தட்டினால் இதே சேனல் வருகிறது, வராத படத்துக்காக எட்டு வீட்டின் முகப்பைக் கெடுப்பது நியாயமில்லை, இன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்த பேரத்தை வில்பிரட் பின்னால் பல பேரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் சங்கத்தின் விதியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. படம் முழுசாக ஒரு மணி நேரம் உடையாமல் வந்தால் விட்டுவிடுவீர்களா என்று மட்டும் கேட்டார். யக்ஞநாராயணன் அதெல்லாம் வரவே வராது என்றார். வராதென்றால் ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம் என்றார் வில்பிரட். நாளை பத்து மணிக்கு என்றார் அவர். ஞாயிறு ஆறு மணிக்கு என்றார் இவர். ஒரு மணி நேரம் அரை மணியானது, ஆறும் பத்தும் ஏறியும் இறங்கியும் ஏழில் வந்து நின்றன. ஞாயிறு காலை ஏழு முதல் ஏழரை வரை, நடுவில் மொத்தம் பத்து நிமிஷம் போனாலும் மன்னிப்பு. அதற்கு மேல் போனால் வில்பிரட் தன் கையாலேயே கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும், இனி ஒரு கம்பி வெளியே நீளக் கூடாது.

பேரம் படிந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஏழு தாண்டினால் படம் நிற்பதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தோற்றுவிட்டால் அந்த வீணைக்காரம்மாள் தன் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள், தான் இனிமேல் அவளை ஒரு நிமிஷமும் நிறுத்த முடியாது என்று தோன்றியபோது, விற்பனை மேடையை விட்டு இறங்கிய கடைசி நாள்கூட அவருக்கு இவ்வளவு கனக்கவில்லை.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளி வரவேண்டிய படம் வரவில்லை. சனிக்காவது இறங்குமா என்று பார்த்தால் சனியும் வரவில்லை. வில்பிரட் இட்லித் தட்டுகளைத் துடைத்தார், கம்பிகளைத் துடைத்தார், ஒயரின் முனையை ரோஸியின் ஹேர் டிரையரால் காய வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறடி நடந்தும் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. திரையைத் தாண்டி, மழைக்குள்ளே, ஆயிரம் வண்ணச் சதுரங்கள் மௌனமாகத் தெற்கே போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கை நீட்டினால் ஈரம்தான் பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சாவித்ரி மாமி ஒரு கிண்ணத்தில் சுண்டல் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மழைத் தண்ணீர் இறங்கிச் சம்ப் ரொம்பிவிட்டது, வியாழனிலிருந்து லாரிக்கே சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். வில்பிரட் ஏதோ ஞாபகத்தில் தலையாட்டினார். தண்ணீர்க் கதை கேட்கிற மனநிலையில் அவர் இல்லை. நாளைக்கு மானம் போகப்போகிறது மாமி என்றார்.

"போகாது. நாளைக்குப் படம் வரும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வரும்னா வரும். நான் பாத்துக்கறேன்." கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான் உளுந்து ஊறப்போட்டாலும் எத்தனை மணி நேரம்னு வாட்ச் பாக்கறார். உங்களோட சண்டை போட மாடி ஏறினாத்தான் எனக்கு ஆத்துல கொஞ்சம் காத்து. அந்த ஆன்டெனாவைக் கழட்டிட்டேள்னா நான் எங்க போவேன்?"

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வில்பிரட் சுண்டலைச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸி முதல் ஆராதனைக்குக் கிளம்பும்போது, உங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன், இட்லித் தட்டுக்காகவும் சொல்கிறேன் என்றாள். மழை விட்டிருந்தது. வானம் துவைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியாகத் தொங்கியது. விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம், தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிற்று.

ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது யக்ஞநாராயணன் விபூதி இட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தபடி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கூடவே சாவித்ரி மாமி. வில்பிரட் டிவியைப் போட்டார். சிக்னல் இல்லை. ஏழு ஒன்று. ஏழு இரண்டு. அவர் பால்கனிக்குப் போய் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு வந்தார். ஏழு நாலு. யக்ஞநாராயணன் உள்ளங்கைக் கடிகாரத்தைப் பார்த்தார். பேசாமலிருப்பதில் அவருக்கு நல்ல ருசி கிடைத்துக்கொண்டிருந்தது. மாமி மட்டும் எழுந்து பால்கனி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ஏழு ஆறு ஆனபோது கீழே ஹாரன் சத்தம் கேட்டது. பின்பக்கமாக வரும் லாரியின் கீக் கீக். திரையில் ஒரு பச்சைச் சதுரம் தோன்றியது. பக்கத்தில் ஒரு தங்கச் சதுரம். ஒரு கண். விரல்கள். மாமி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழே பார்த்து, இன்னும் கொஞ்சம் பின்னால் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்ற கணத்தில் லாரி நின்றது, சதுரங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டன, வீணைக்காரம்மாள் மூக்குத்தி மின்ன நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வில்பிரட் திரையைப் பார்த்தார். மாமியின் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு எட்டில் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தார். காலி மனையில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, மழையில் குளித்த டேங்கர் அகலமாக, வளைவாக, பளபளவென்று நின்றது. பதினாலு மாடிக் கட்டடத்துக்கும் அடுத்த தென்னைக்கும் நடுவில் அந்த மூலைக்கு மட்டும் வடக்கு வானம் ஒரு சந்தாகத் திறந்திருந்தது. அதன் வழியே இறங்கி வந்த சிக்னல் டேங்கரின் முதுகில் பட்டு, மேலே ஏறி, இட்லித் தட்டுக்கு எதிரில் விழுகிறது. போணியுமில்லை, சரக்கு இறங்கும் நாளுமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

கடையில் வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது இரண்டு விற்பனையாளர்கள் வாயைத் திறக்காமல் விலை பேசிக்கொள்வார்கள். மாமி அந்த மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் கீழேயிருந்து டிரைவர் ஞானையாவின் குரல் கிளம்பிவிட்டது. "இன்னா மாமி, தொட்டி ரொம்பி வழிஞ்சுகினு கீது. இதுல எங்க ஊத்தறது?"

யக்ஞநாராயணனின் தலை நிமிர்ந்தது. மாமி அவசரமாகக் கீழே குனிந்து, கொஞ்சம் இருப்பா, காபி தரேன் என்றாள். பிறகு உள்ளே பார்த்து, யாரோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாள். வீணை நடந்துகொண்டிருந்தது. மணி ஏழு பதினொன்று. வராத நிமிஷங்கள் ஆறு. மன்னிப்புக் கணக்குக்கு உள்ளே. இன்னும் பத்தொன்பது நிமிஷம் வில்பிரட் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு காபி, ஒரு வெற்றிலை, டிரைவரின் குடும்ப நலம் என்று மாமி இழுத்துவிடுவாள்.

வில்பிரட் மூடிக்கொண்டுதான் இருந்தார், ஏழு பதினைந்து வரை. ஆனால் திரையில் அந்த அம்மாள் கண்ணை மூடி ஒரு தந்தியை நீவி இழுத்தபோது, யக்ஞநாராயணனின் உள்ளங்கையிலிருந்த கடிகாரம் மெல்லச் சாய்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பாட்டுக்குள் இறங்கிவிட்டார். எதிராளி இப்படி அசந்திருக்கும் நேரத்தில் நசுங்கிச் சொட்டை விழுந்த குடத்தைக் கட்டிக் கொடுப்பது சுலபம். முப்பத்தோரு வருஷத்தில் வில்பிரட் ஒரு குடத்தைக்கூட அப்படிக் கொடுத்ததில்லை. சொட்டை இருக்கிற பக்கத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துத்தான் விலை சொல்வார்.

"சார், இந்தப் படம் என் ஆன்டெனாவால வரலை. லாரியால வருது."

மாமி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

வில்பிரட் எல்லாவற்றையும் சொன்னார், மாமி லாரியை வரச் சொன்னதைத் தவிர. யக்ஞநாராயணன் கேட்டுவிட்டு, கடன் மனுவைப் பரிசீலிக்கிற நிதானத்தோடு எழுந்து பால்கனிக்குப் போனார். லாரியை முன்னால் எடுக்கச் சொன்னார். ஞானையா காபி டம்ளருக்காகக் காத்திருந்தவன், அலுத்துக்கொண்டே பத்தடி எடுத்தான். வீணை உடைந்தது. பின்னால் வரச் சொன்னார். வீணை ஒட்டிக்கொண்டது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். நாலாவது தடவை அவர் செருப்பில்லாமல் கீழே இறங்கி ஓடி, மனைக்குள் நின்று, இரண்டு கையாலும் லாரியை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் பாதம் புதைந்து, வேட்டி நுனி சேறாகி, முகம் மட்டும் எதையோ பார்த்துவிட்டவர்போல் திறந்து கிடந்தது.

"சாரு காலையிலயே இன்னாத்த ஊத்திகினாரு," என்று ஞானையா மேலே பார்த்துக் கேட்டான். "சம்பு ஃபுல்லு, லாரி ஃபுல்லு, என்னை மட்டும் முன்னே பின்னே ஆட்டிகினு கீறாரு."

ஏழரை அடித்தபோது தீர்ப்பு வந்தது. யக்ஞநாராயணன் சுவரருகே நின்று, மேலே பார்த்துச் சொன்னார்: படம் பத்து நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது, பேசினபடி ஆன்டெனாவைப் பால்கனியிலிருந்து கழற்றிவிட வேண்டும். அதில் மாற்றமில்லை. வில்பிரட் சரி சார் என்றார். குழாயை அவிழ்க்கக் குனிந்தபோது கயிற்று முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை.

"கழட்டி எடுத்துண்டு கீழ வாங்கோ," என்றார் யக்ஞநாராயணன். "பால்கனில நீட்டக் கூடாதுன்னுதான் ரூல். காம்பவுண்டு சுவரைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலை."

வில்பிரட் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பேரத்தில் இப்படி ஒரு கொசுறு கிடைத்து அவர் பார்த்ததில்லை; கேட்காமலே கிடைத்த கொசுறு. ஆன்டெனாவையும் மிச்சமிருந்த ஒயர்ச் சுருளையும் தூக்கிக்கொண்டு, படிக்கட்டில் இட்லித் தட்டு கிண்கிணென்று மோத இறங்கினார். மாமி, தான் மேலேயே இருந்து டிவியைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஞானையா காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். ஊற்றாத தண்ணீரை என்ன செய்வாய் என்று வில்பிரட் கேட்டார். பெரும்பாக்கத்தில் தான் குடியிருக்கும் பிளாக்கில் நாலு நாளாகக் குழாய் வரவில்லை, அங்கே ஊற்றிக்கொள்கிறேன் என்றான். லாரி திரும்பியபோது அதன் வளைந்த வயிற்றில் வானம், தென்னை, பதினாலு மாடி எல்லாம் நீளமாக வழுக்கிக்கொண்டு போயின. எத்தனை வாரம் அந்த வீணைக்காரம்மாள் இதன் மேல்தான் முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று வில்பிரட் நினைத்துக்கொண்டார்.

லாரி நின்ற மூலையில் சுவர்மேல் குழாயை நிறுத்தினார்கள். யக்ஞநாராயணன் அடியைப் பிடித்துக்கொண்டார். வில்பிரட் வடக்கே தெரிந்த வான இடைவெளியைப் பார்த்து மெல்லத் திருப்பினார்.

"சாவித்ரி, வரதா?" என்றார் யக்ஞநாராயணன்.

மேலே பால்கனிக்கு யாரும் வரவில்லை.

இன்னும் ஓர் இஞ்ச் திருப்பினார்கள். வில்பிரட் அண்ணாந்து பார்த்தார். திறந்த பால்கனிக் கதவு வழியாக, அவருடைய நாற்காலியில் மாமி காலை மடக்கி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் சுண்டல் கிண்ணம். அவள் முகத்தின்மேல் பச்சையும் தங்கமுமாக ஒரு வெளிச்சம், உடையாமல், சதுரமாகாமல், நதிபோல் நகர்ந்துகொண்டிருந்தது. மூக்குத்தியில் ஓர் ஊசிமுனை மினுங்கியது. அது யாருடைய மூக்குத்தி என்று அவரால் சட்டெனச் சொல்ல முடியவில்லை. வீணை மட்டும், மிகச் சன்னமாக, கீழே சுவர்வரை வந்தது.

"என்ன சார், வரதா இல்லையா? இவ ஏன் பேச மாட்டேங்கறா?"

யக்ஞநாராயணனுக்கு இடப்பக்கக் காது கொஞ்சம் மந்தம். வீடு இருந்தது அந்தப் பக்கம். வில்பிரட் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க சார்," என்றார். "அவசரப்பட்டா படியாது."